நெற்றியில் நான்கு துளைகள்

நவம்பர் 14, வியாழன்

காலையில் இரண்டு சுற்றுலாக் குழு, மாலையில் ஒன்று. மூன்று முறை கதீட்ரல், மூன்று முறை இன்காக்களின் சூரியக் கோயில் கொரிகாஞ்சா, மூன்று முறை எங்கள் மேட்டுக் கோயில். கடைசி விருந்து ஓவியத்தில் ஆண்டவருக்கு முன்னால் தட்டில் மல்லாந்து கிடக்கும் குயியை, எங்கள் ஊர் விருந்துக் கினிப்பன்றியை, மூன்று முறையும் காட்டினேன். மூன்று குழுவும் சிரித்தது. சிரிப்பு வருவதற்கு முன்பே எனக்கு அது கேட்டுவிடுகிறது.

“நிலநடுக்கத்தில் மேலே ஸ்பானியர் கட்டியது விழுந்தது, கீழே இன்கா கட்டியது நின்றது.” இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் நினைத்தது வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்ததைப் பற்றி. ஏழு வருடமாக இதே வாக்கியம். வாய் தன் பாட்டுக்குப் பேசுகிறது, நான் பின்னால் நடந்து போகிறேன்.

மழை. காலணி காயவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

அம்மா இன்றும் ரொட்டி எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடை தூக்கப் போனேன்.

மேட்டுக் கோயிலில் இருக்கும் குழந்தை இயேசு மரச்சிலைக்கு எங்களிடம் பெயர் குழந்தை மானுவேல். அதன் திருவிழா இந்த வருடம் எங்கள் முறை. ஒன்பது வருடம் முன்பு நுரையீரலில் நீர் கோத்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா நேர்ந்துகொண்டது. வரிசையில் எட்டுக் குடும்பம் முன்னால் இருந்தது. இப்போதுதான் வந்திருக்கிறது. ஜனவரி ஆறாம் தேதி குழந்தை அம்மா தைத்த உடுப்பில் வெளியே வர வேண்டும்.

வட்ட ரொட்டியை யார் கையில் வாங்குகிறார்களோ அவர்கள் விழாவுக்கு ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஒரு வீடு பாண்டு வாத்தியம், ஒரு வீடு மெழுகுவர்த்தி. வாங்கிய பிறகு பின்வாங்க முடியாது. தச்சர் தோன் அனாக்லேத்தோ ரொட்டியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன தோன்யா ஃபௌஸ்தினா, ரொட்டி இவ்வளவு கனம் கனக்குது?”

“வாணவேடிக்கை உள்ள இருக்கு தம்பி. அதான்.”

“அய்யோ, போன வாரமே ஊரைவிட்டு ஓடியிருக்கணும்!” என்றார். ஆனால் வாங்கிக்கொண்டார்.

அம்மா திரும்பும்போது பாடிக்கொண்டே வந்தாள். அவள் பாடி நான் கேட்டு வருடங்கள் இருக்கும்.

நவம்பர் 19, செவ்வாய்

பச்சை வெல்வெட், வெள்ளி இழை. ஒரு முழம்கூட இல்லாத உடுப்புக்கு நான்கு மாதத் தையல். சந்தையில் தன் பழச்சாறுக் கடையை மூடிவிட்டு வந்ததும் அம்மா கையை இரண்டு முறை கழுவிவிட்டு உட்கார்கிறாள், ஆரஞ்சு வாசனை வெல்வெட்டில் ஏறக்கூடாதாம்.

நவம்பர் 22, வெள்ளி

இன்று ஒரே ஒருத்தி. தலைநகர் லீமாவிலிருந்து வந்த பேராசிரியை, பெயர் மரியனேலா. பழைய சிற்பங்கள் பற்றி எழுதுகிறவள். குயியைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி நன்றி வந்துவிட்டது.

மேட்டுக் கோயிலில் குழந்தைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். கீழே மாட்டியிருக்கும் அட்டையைப் படித்தாள்: பெயர் அறியப்படாத பூர்வகுடிச் சிற்பி.

“இதைச் செஞ்சவங்களைப் பத்தி உங்க ஜனங்ககிட்ட எந்த ஞாபகமும் மிஞ்சலையா?” என்று கேட்டாள். குத்தலாக இல்லை, இரக்கமாகக் கேட்டாள். அந்த இரக்கம்தான்.

“இருக்கு” என்றேன்.

சொல்லிவிட்டேன். குழந்தையின் சுருட்டை முடிக்கு அடியில், நெற்றியில், ஒரே கோட்டில் நான்கு சின்னத் துளைகள் இருப்பதை. இன்கா அரசன் மட்டும் நெற்றியில் அணியும் சிவப்புக் கம்பளிக் குஞ்சத்தை ஒரு காலத்தில் அங்கே ஆணி வைத்து அடித்திருக்கிறார்கள் என்பதை. அப்படிப்பட்ட குழந்தைகளை ஒரு பிஷப் தடை செய்தார், குஞ்சங்களைப் பிடுங்கினார்கள் என்று நூல்களில் இருக்கிறது. துளைகள் நூல்களில் இல்லை. அவை ஆண்டுதோறும் திரைக்குப் பின்னால் குழந்தைக்கு உடுத்தும் பெண்களுக்கு மட்டும் தெரியும். ஆறு வருடமாக நான் அங்கே குண்டூசித் தட்டு பிடிக்கிறேன், அதனால் எனக்கும்.

அவள் குறிப்பு எடுக்கவில்லை. காது கொடுத்துக் கேட்டாள், அவ்வளவுதான். என் பேச்சை யாரும் அப்படிக் கேட்டதில்லை. “உங்க பேரைப் போட்டு எழுதுவேன்” என்றாள்.

அப்போது லேசாக இருந்தது. இதை எழுதும்போது லேசாக இல்லை.

நவம்பர் 23, சனி

ஒன்றும் ஆகாது. ஒரு கட்டுரை. அதை யார் படிக்கப் போகிறார்கள்?

டிசம்பர் 3, செவ்வாய்

பண்பாட்டுத் துறை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், கண்ணாடிப் பெட்டியும் முத்திரைக் காகிதமும் கடிதமும் கொண்டுவந்தார்கள். குழந்தையைப் பெட்டிக்குள் வைத்து மூடி ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பாதிரியார் கடிதத்தைப் பலிபீடத்தருகே நின்று சத்தமாகப் படித்தார். உருவத்தின் தலைப்பகுதியில் முக்கியமான பழைய தடயங்கள் இருப்பதாகத் தகவல். பயிற்சி இல்லாதவர்கள் ஆண்டுதோறும் உடை மாற்றுவதால் சேதம் நேரலாம். ஆய்வு முடியும்வரை யாரும் தொடக்கூடாது.

பயிற்சி இல்லாதவர்கள்.

தோன்யா பாஸ்குவாலா முன் வரிசையில் இருந்தாள். முப்பத்தெட்டு வருடமாகக் குழந்தைக்கு உடுத்துகிற கை. கடிதத்தைக் கேட்டுவிட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு திரும்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பார்வை என்னிடம் வந்து நின்றது.

டிசம்பர் 4, புதன்

நானே போய்ச் சொன்னேன். ஒளிந்துகொள்ள எனக்குத் தெம்பில்லை. பாஸ்குவாலா முற்றத்தில் சோளம் உரித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை.

“லீமாக்காரிகிட்டயா?”

“ஆமாம்.”

“காசு குடுத்தாளா?”

“இல்ல.”

“குடுத்திருந்தாலாவது புரியும்.” ஒரு கதிரை உரித்து முடித்தாள். “உனக்கு வாய் எதுக்குடி இருக்கு?”

செதுக்கியவர்களைப் பற்றிச் சொன்னேன். பெயரில்லாமல் போனவர்கள், அவர்களுக்காக யாராவது ஒருநாள் பேச வேண்டாமா, எவ்வளவு காலம் திரைக்குப் பின்னாலேயே வைத்திருப்பது… நன்றாகத்தான் பேசினேன். பேசிப் பழகிய வாய்.

“மறைச்சு வச்சதாலதான் அது இன்னும் இங்க இருக்கு” என்றாள் பாஸ்குவாலா. “வெளிய சொன்னவங்களோடது எல்லாம் மியூசியத்துல இருக்கு. போய்ப் பாரு, அழகா விளக்குப் போட்டு வச்சிருக்கான். கும்பிட முடியுதா?”

அடுத்த கதிரை எடுத்தாள்.

“உங்கம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். இனி திரைக்குள்ள நீ வேண்டாம்.”

டிசம்பர் 5, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். ஊசியை வெல்வெட்டில் குத்திவிட்டு எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். சூப் இன்னும் கொதிக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

அம்மா பேசவில்லை. கோபித்துக் கத்தினால்கூடப் பரவாயில்லை. சாப்பாடு போடுகிறாள், என் துணியைத் துவைத்துப் போடுகிறாள், மழை வந்தால் என் துணியையும் சேர்த்து உள்ளே எடுக்கிறாள். வார்த்தை மட்டும் இல்லை.

ரொட்டி வாங்கிய வீட்டுக்காரர்கள் சந்தையில் அவளை நிறுத்திக் கேட்கிறார்கள். “வாத்தியக்காரங்களுக்குச் சொல்லியாச்சே, என்ன பண்றது?” அம்மா என்ன பதில் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நாற்பது வீடு.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன் சொன்னே? அவ கேட்டா, சரி, கேட்டா. தெரியாதுன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாளெல்லாம் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்றவ, தெரிஞ்சதை ஒரு தடவை தெரியாதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?

டிசம்பர் 12, வியாழன்

துறை அலுவலகம். இரண்டு மணிநேரம் மரப்பெஞ்சு. அதிகாரி கெட்டவர் இல்லை. வயிற்றுவலி வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு சோம்பு டீ குடித்தார்.

“ஆய்வுக்கூடத்துல வரிசை இருக்கு பொண்ணே. ஏப்ரல் ஆகும். மேகூட ஆகலாம்.”

“ஆறாம் தேதி திருவிழா, ஐயா.”

“கண்ணாடிக்குள்ள இருக்கட்டுமே. எல்லாரும் பார்க்கலாமே, யாரு வேண்டாம்னா?”

“உடுப்பு மாத்தணும். அதுதான் விழாவே.”

“அடுத்த வருஷம் மாத்துங்க.”

அடுத்த வருடம் வேறு குடும்பத்தின் முறை. அதைச் சொன்னேன். அவர் கோப்பைத் திறந்து ஒரு காகிதத்தைத் தட்டினார். “இந்தத் தடை நிக்கிறது ஒரே ஒரு தகவல் மேல. பேராசிரியை எழுதியிருக்காங்க: உள்ளூர் வழிகாட்டி, நேரில் பார்த்தவர். அது நீதானே? அந்தத் தகவல் தப்புன்னா, சொன்ன ஆளே எழுதிக் குடுத்தா, ஃபைலுக்கு இங்க வேலையில்லை.” டீயை ஊதினார். “ஆனா ஒண்ணு. பார்வையாளருக்குப் பொய் சொன்னதா ஆகும். வழிகாட்டிகள் சங்கத்துக்கு ஒரு பிரதி போகும். யோசிச்சுக்கோ.”

டிசம்பர் 13, வெள்ளி

யோசிக்கிறேன்.

டிசம்பர் 16, திங்கள்

நான்கு குழு. பண்டிகைக் கூட்டம். கூட வேலை செய்யும் வழிகாட்டி வில்பெருக்குக் காய்ச்சல், அவன் குழுவும் என் தலையில்.

பிரசங்க மேடையை ஒரே மரத்தில் ஒருவன் செதுக்கினான் என்றேன், அவன் மண்டையோடுதான் மேலே இருக்கிறது என்றேன். பெரிய மணியில் பொன் கலந்திருக்கிறது என்றேன். இதில் எது உண்மை என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது, தேர்வில் கேட்கிறார்கள். உரிமத்தோடு சொல்கிறேன், கைதட்டுகிறார்கள்.

ஏழு வருடத்தில் என் கண்ணால் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்று. அதைத்தான் பொய் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

அசதி. மேட்டுப் படிகளில் இருமுறை உட்கார்ந்தேன், எழுபது வயதுக்காரி மாதிரி.

டிசம்பர் 19, வியாழன்

பேராசிரியையை அழைத்தேன். கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். உண்மையிலேயே வருத்தப்பட்டாள். காப்பாற்றத்தானே எழுதினேன் என்றாள். மரம் எவ்வளவு மென்மையானது தெரியுமா, ஒரு குண்டூசி போதும் என்றாள். குண்டூசித் தட்டு பிடித்தவளிடம்.

“லுஸ்மிலா, நீங்க லீமாவுக்கு வந்துடுங்க. உங்களை மாதிரி ஒருத்தி எங்க பல்கலைக்கழகத்துக்கு வேணும். மார்ச்சுல ஒரு இடம் காலியாகுது. நான் சொல்றேன்.”

போனை வைத்த பிறகு, எல்லாவற்றுக்கும் நடுவில், ஐந்து நிமிடம் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன். லீமாவில் ஒரு மேஜை, ஒரு ஜன்னல், நூல்கள், யாரையும் எங்கேயும் கூட்டிப்போக வேண்டாம். ஐந்து நிமிடம்.

டிசம்பர் 21, சனி

அவள் சொல்வதும் தப்பில்லை. மரம் மென்மையானதுதான். பாஸ்குவாலா சொல்வதும் தப்பில்லை. இரண்டு சரிக்கும் நடுவில் பூட்டிய கண்ணாடிக்குள் குழந்தை போன வருட உடுப்போடு நிற்கிறது. தோளில் தூசி.

டிசம்பர் 24, செவ்வாய்

பெரிய சதுக்கத்தில் சாமிச் சந்தை. காலை முதல் தூறல். தரையெல்லாம் நீலப் பிளாஸ்டிக் விரித்து, மேலே பாசி, புல், களிமண் ஆட்டுக்குட்டிகள், விதவிதமாய்க் குழந்தை இயேசு உருவங்கள். அம்மா வருடா வருடம் போவாள். இன்றும் கிளம்பினாள். நான் பின்னாலேயே போனேன். வராதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் பேச வேண்டுமே.

வெள்ளி வேலைக்காரியிடம் போய் நின்று சின்னஞ்சிறு செருப்புகளைக் கிளறினாள். என் கட்டைவிரல் அளவு.

“எந்தக் குழந்தைக்கு, அம்மா? வீட்டுக் குழந்தைக்கா, கோயில் குழந்தைக்கா?”

“கோயில் குழந்தை. மேட்டுக் கோயில்.”

“அதைப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டாங்கன்னு சொன்னாங்களே?”

“பூட்டினா கால் இல்லாம போயிடுமா?” என்றாள் அம்மா. “கொஞ்சம் அகலமாக் காட்டு. இடதுகால் பாதம் அகலம் அதுக்கு.”

இடதுகால் அகலமென்று எனக்குத் தெரியாது. ஆறு வருடம் உள்ளே நின்றிருக்கிறேன், நெற்றியைத்தான் பார்த்திருக்கிறேன்.

வாங்கி, கைக்குட்டையில் முடிந்து, மார்புக்குள் வைத்துக்கொண்டாள். கூட்டத்தில் என்னை இடித்துக்கொண்டு நடந்தாள். மழை அவள் தொப்பி விளிம்பிலிருந்து சொட்டியது.

டிசம்பர் 27, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கேயும் ஒரு பிரதி இருக்கட்டும்:

“லுஸ்மிலா சுத்தா எனும் நான், மேட்டுக் கோயிலில் உள்ள குழந்தை மானுவேல் உருவத்தின் நெற்றியில் துளைகள் இருப்பதாக ஒரு பார்வையாளரிடம் கூறியது என் சொந்தக் கற்பனை. அவரை மகிழ்விப்பதற்காக அவ்வாறு கூறினேன். அப்படி எதையும் நான் பார்த்ததில்லை. யாரும் எனக்குச் சொன்னதுமில்லை. நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறேன்.”

அதிகாரி இரண்டு முறை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எங்கம்மாவும் ஒரு குழந்தைக்கு உடுத்தினவதான்” என்றார். “அவ வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.” முத்திரை குத்தினார்.

வாக்கியங்கள் நன்றாக வந்திருந்தன. ஒரு அடித்தல்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

டிசம்பர் 28, சனி

இன்று மாசற்ற குழந்தைகள் நாள், ஊரே ஒருவரையொருவர் பொய் சொல்லி ஏமாற்றும் நாள். வில்பெர் காதுக்குச் செய்தி எட்டியிருக்கிறது.

“ஒரு நாள் பொறுத்து இன்னைக்குக் குடுத்திருக்கலாமே! பொருத்தமா இருந்திருக்கும்.” சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். “ஏன் லுஸ்மி இப்படிப் பண்ணின? கதை வேணும்னா என்கிட்டக் கேட்டிருந்தா நூறு குடுத்திருப்பேனே.”

அவன் நம்பிவிட்டான். ஏழு வருடம் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன், ஒரு காகிதத்தை உடனே நம்பிவிட்டான்.

ஜனவரி 2, வியாழன்

முத்திரையைக் கிழித்தார்கள். பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

பேராசிரியையிடமிருந்து மூன்று வரி: ஏமாற்றமாக இருக்கிறது. உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். லீமா வேலையைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

நியாயம்தான்.

ஜனவரி 5, ஞாயிறு

உடுத்தும் நாள். கதவைச் சாத்தித் திரையை இழுத்தார்கள். அம்மா பச்சை உடுப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். பாஸ்குவாலா திரையை விலக்கிப் பிடித்தாள். நானும் அங்கே நின்றேன், ஏனென்று தெரியவில்லை, ஒருவேளை…

பாஸ்குவாலா என்னைப் பார்த்தாள். வெறுப்பில்லை அந்தப் பார்வையில். “நீ செஞ்சது தெரியும் மகளே” என்றாள் மெதுவாக. “நல்லது செஞ்சே. ஆனா வாய் ஒரு தடவை திறந்தா திறந்ததுதான்.”

அம்மா உள்ளே போனாள். திரை விழுந்தது. பாஸ்குவாலாவின் பேத்தி முறைப் பெண் ஒருத்தி கையில் குண்டூசித் தட்டோடு என்னைத் தாண்டிப் போனாள்.

நான் வெளியே மரப்பெஞ்சில் உட்கார்ந்தேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம், ரோஸ்மேரி வாசனை. யாரோ ஏதோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். “என் புருஷனைவிட இவனுக்கு உடுப்பு மாத்தறது லேசு, உதைக்க மாட்டான்.” பிறகு திடீரென்று ஒரு சத்தமும் இல்லை. அது எந்த நிமிடம் என்று வெளியே இருந்தவர்களில் எனக்கு மட்டும் தெரியும்.

ஜனவரி 6, திங்கள்

குழந்தை வெளியே வந்தான்.

வெயிலும் வந்தது, ஒரு மணிநேரம். பச்சை வெல்வெட் அந்த வெயிலில் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. தோன் அனாக்லேத்தோவின் வெடி ஒன்று சாய்ந்து போய்ப் பாதிரியார் வீட்டுக் கூரையில் வெடித்தது. “ரொட்டி கனமா இருந்துச்சுன்னு அன்னிக்கே சொன்னேன்!” என்று கத்திக்கொண்டே ஓடினார். பாண்டு வாத்தியம் நிற்கவில்லை. அம்மா தேருக்கு முன்னால் ஆடினாள், முழங்கால் வலியோடு, கண்ணை மூடிக்கொண்டு.

நான் கூட்டத்தோடு நடந்தேன். யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

சங்கத்தின் கடிதம். உரிமம் ஓராண்டு நிறுத்தம். தவறான தகவல் அளித்தமை.

அம்மா கடிதத்தை வாங்கிப் படித்தாள். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், நேரமாயிற்று. மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். “சூப் ஆறுது” என்றாள். முப்பத்தாறு நாள் கழித்து.

ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து அம்மாவும் நானும் பின்பெஞ்சில் இருந்தோம். வில்பெர் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு வந்தான், பத்துப் பன்னிரண்டு பேர், மஞ்சள் மழைக்கோட்டுகள். குழந்தைக்கு முன்னால் நிறுத்தினான். என்னை அவன் பார்க்கவில்லை.

“உடுப்புக்குக் கீழ ஒரு ரகசியம் இருக்குன்னு இங்க ஒரு கதை உண்டு” என்று ஆரம்பித்தான். “நெத்தியில துளை, இன்காவோட குஞ்சம், அப்படி இப்படின்னு. போன வருஷம் துறையிலேர்ந்தே வந்துட்டாங்க. கடைசியில பார்த்தா, ஒரு வழிகாட்டிப் பொண்ணு கிளப்பிவிட்டது! அவளே எழுதிக் குடுத்துட்டா. அதனால நண்பர்களே, எங்களை எப்பவும் முழுசா நம்பாதீங்க!”

சிரித்தார்கள். நல்ல இடத்தில் நிறுத்தினான், சிரிப்பு சரியாக வந்து விழுந்தது. அவனுக்கு எப்போதும் அந்த லாகவம் உண்டு.

அம்மா என் பக்கமாகச் சாய்ந்தாள்.

“பாவம்” என்றாள் காதோடு. “நெஜம்னு நம்பிச் சொல்றான்.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் பார்வை பலிபீடத்தின் மேலேயே இருந்தது, வாய் மட்டும் ஒரு பக்கமாகக் கோணியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையால் பொத்திக்கொண்டு குனிந்தேன். அவள் தோளும் குலுங்கியது. மஞ்சள் மழைக்கோட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அழுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்து படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்குக் கடைக்கு ஆரஞ்சு மூட்டை ரெண்டு வருது. அஞ்சரைக்கு எழுப்பவா?”

“எழுப்பு” என்றேன்.